மதுரைப் பக்கம் இயற்கையான வெந்நீர் ஊற்று உண்டா? அப்பாவின் முழங்காலுக்காகக் கேட்கிறேன்

நொச்சியிலை, திருநகர்:

அனைவருக்கும் வணக்கம்.

என் அப்பாவுக்கு 71 வயது. பஞ்சாலையில் 34 வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். இப்போது இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கொல்லையில் ஸ்டூல் போட்டு உட்காருவார். நொச்சி இலையும் ஒரு கைப்பிடி கல்லுப்பும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரை விளாவி நான் வாளியில் ஊற்றிக் கொடுப்பேன். கால்கள் இரண்டையும் உள்ளே விட்டுக்கொண்டு, சொம்பால் மொண்டு மொண்டு முழங்காலில் ஊற்றிக்கொள்வார். அந்த அரைமணி நேரம்தான் அவர் முகத்தில் வலி தெரியாது.

போன வாரம் என் மகள் தொலைக்காட்சியில் ஜப்பான் குரங்குகளைப் பார்த்தாள். சுற்றிலும் பனி, தலையிலும் பனி, ஆவி பறக்கிற குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. "தாத்தாவையும் அதில் உட்காரவைத்தால் கால் சரியாகிவிடும் அம்மா" என்றாள். எல்லோரும் சிரித்தோம், அப்பாவும்தான். ஆனால் இரவு மாத்திரை கொடுக்கப் போனபோது அப்பா தணிந்த குரலில் கேட்டார்: "அந்த மாதிரித் தண்ணீர் நம் ஊர்ப்பக்கம் எங்கேயாவது இருக்குமா?"

எனக்கு நினைவு தெரிந்து அவர் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. செருப்பு அறுந்தால்கூடத் தைத்துத்தான் போடுவார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கொடைக்கானல் மலையில் ஒரு வெந்நீர் ஊற்று இருப்பதாக எங்கள் தெருவில் ஒருவர் சொல்கிறார். தேனிப் பக்கம் என்கிறார் இன்னொருவர். உண்மையா? காலையில் போய் இரவு திரும்பும்படி இருந்தால் நல்லது. அப்பாவால் ஒரே மூச்சில் இருபது படிக்கு மேல் ஏற முடியாது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரையும் கொஞ்சம் உண்டு. மகளுக்காகக் குரங்கோ மானோ கண்ணில் பட்டால் போதும். குற்றாலத்துக்கு ஒருமுறை போனோம். கூட்டத்திலும் வழுக்கலிலும் அப்பா கம்பியைப் பிடித்தபடி தள்ளியே நின்றார், ஒரு சொட்டு நனையவில்லை. அந்த நிலை திரும்ப வேண்டாம்.

நேரில் போனவர்கள் சொன்னால் நிம்மதியாக இருக்கும்.


கிடாரிப்பட்டிக்காரன்:

மகளே, முதலில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலிலும் இல்லை, தேனியிலும் இல்லை. நிலத்தடி நீர் பார்க்கிற வேலையில் இருபத்தாறு வருடம் இந்த ஜில்லா முழுக்கச் சுற்றியவன் நான். இங்கே எந்த ஊற்றும் கையைச் சுட்டதில்லை.

காரணம் பாறையில் இருக்கிறது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை சூடு கூடும். மழைத் தண்ணீர் பாறை வெடிப்பு வழியாகக் கிலோமீட்டர் கணக்கில் கீழே இறங்கி, அங்கே காய்ந்து, ஆறுவதற்குள் வேறொரு பெரிய வெடிப்பு வழியாக மேலே வந்துவிட்டால் அது வெந்நீர் ஊற்று. நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் கணக்கில் உள்ளன. இமயமலை, நர்மதை சோன் பள்ளத்தாக்கு, மும்பைக்குப் பக்கத்துக் கொங்கணக் கரை என்று நிலம் ஆழமாகப் பிளந்த இடங்களில்தான் அவற்றில் பெரும்பகுதி இருக்கிறது. நம் பக்கத்துப் பாறை மிகப் பழையது, இறுகிப்போனது. தண்ணீர் மேல்மட்ட வெடிப்புகளிலேயே ஓடி வெளியே வந்துவிடுகிறது. ஆகவே நமக்குக் கிடைத்தவை சுனைகள்.

சுனை என்றதும் முகம் சுளிக்கச் சொல்லாதீர்கள் உங்கள் அப்பாவை. அழகர்மலைச் சிலம்பாற்றுக்குக் கூட்டி வாருங்கள். நான் நாற்பது வருடமாக ஏறி இறங்குகிற இடம் அது. நூபுரம் என்றாலும் சிலம்பு என்றாலும் ஒன்றுதான். உலகளந்த பெருமாளின் காற்சிலம்பிலிருந்து வழிந்த தண்ணீர் என்று சொல்லி நூபுர கங்கை என்கிறார்கள். நீங்கள் தமிழ் படித்தவராகத் தெரிகிறது. சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு மதுரைக்கு வழி சொல்கிற இடத்தில் இந்த மலையையும், இதிலுள்ள புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என்ற மூன்று பொய்கைகளையும் சொல்கிறான். அவ்வளவு காலமாக மனிதர்கள் இந்தத் தண்ணீருக்காக மலையேறி வந்திருக்கிறார்கள்.

ராக்காயி அம்மன் சந்நிதியில் தொட்டியில் விழுகிறது தண்ணீர். அங்கேயே மொண்டு தலையில் ஊற்றுவார்கள். அழகருக்கு இந்தத் தண்ணீரில்தான் திருமஞ்சனம். வேறு தண்ணீர் பட்டால் திருமேனி கறுத்துவிடும் என்பார்கள். ஐப்பசியில் தைலக்காப்புக்கு அவரே மலையேறி மாதவி மண்டபத்துக்கு வருகிறார். கீழே கோயிலில் கொடுக்கிற தோசைக்கும் இந்தத் தண்ணீர்தான். இரும்பும் செம்பும் கலந்த தண்ணீர் என்பது ஊர்ப் பேச்சு. செம்பு என் நாக்குக்குத் தெரிந்ததில்லை, இரும்பு தெரியும். ஒரு வாய் குடித்து முடித்தபின் நாக்கின் ஓரத்தில் ஆணியைக் கடித்தது போல ஒரு சுவை நிற்கும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். சுனைத் தண்ணீர் வருடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் இருக்கும். மாறுவது வெளிக்காற்று. சித்திரையில் ஊற்றினால் ஐஸ் என்போம், மார்கழி விடியலில் அதே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். கிணற்றுத் தண்ணீரில் குளித்து வளர்ந்த உங்கள் அப்பாவுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மார்கழியில், வெயில் ஏறுவதற்கு முன் கூட்டி வாருங்கள். வழியில் பழமுதிர்சோலை இருக்கிறது. சுட்ட பழம் வேண்டுமா சுடாத பழம் வேண்டுமா என்று ஔவையைக் கேட்ட மலையில் உங்களுக்குக் கிடைக்கப் போவது சுடாத தண்ணீர். முழங்காலை அது குணப்படுத்தும் என்று நான் சொல்லமாட்டேன்.

குரங்குகளைப் பற்றி உங்கள் மகளுக்கு எழுதுகிறேன். இங்கே இருப்பது நாட்டுக் குரங்கு. உச்சந்தலையில் முடி வட்டமாக விரிந்து குல்லாய் கவிழ்த்தது போல இருக்கும். ஜப்பான் குரங்குகள் குளிருக்கு வெந்நீரில் உட்காருகின்றன, நம் குரங்குகள் வெயிலுக்குத் தண்ணீரில் குதிக்கின்றன. பங்குனி கடைசியில் ஒரு மத்தியானம், ஓடையில் தண்ணீர் தேங்கி நிற்கிற பள்ளத்தருகே உட்கார்ந்திருந்தேன். மேலே மருதக் கிளையிலிருந்து ஒரு குட்டி கையைக் காலை விரித்தபடி பொத்தென்று விழுந்தது. ஒரு கணம் முழுசாக மூழ்கிவிட்டது. பிறகு மூக்கு மட்டும் வெளியே தெரிய நீந்தி வந்து, பாறையில் ஏறி, உடம்பை உதறிவிட்டு, மறுபடி அதே கிளைக்கு ஓடியது. ஏழு தடவை எண்ணினேன். ஏழாவது தடவை அதன் தாய் இறங்கி வந்து வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அவற்றுக்குத் தின்ன எதுவும் கொடுக்காதீர்கள். பொரிகடலையும் பிஸ்கட்டும் போட்டுப் போட்டுத்தான் அவை பறிக்கக் கற்றுக்கொண்டன. பாலிதீன் பையின் சரசரப்பு கேட்டால் போதும், நாலு பக்கத்திலிருந்தும் இறங்கிவிடும். நாவலும் அத்தியும் தின்று காடு முழுக்க விதை போட்ட சாதி இன்று சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்து உப்பை நக்குகிறது. பார்க்கும்போது வயிறு எரிகிறது. பித்தளைச் சொம்பு கொண்டு வாருங்கள், பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம். சோப்பும் ஷாம்பும் வேண்டவே வேண்டாம். ஓடையில் நுரை போனால் கீழே குடிக்கிறவை எல்லாம் வாயில்லாத ஜீவன்கள்.

அடிவாரத்திலிருந்து மலைப்பாதையில் கோயில் பஸ் போகிறது. இறங்கியபின் கொஞ்சம் படி உண்டு. இடையில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம், அவசரமில்லை.


ஓய்வுபெற்ற செவிலி, தல்லாகுளம்:

ஐயா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். நான் எழுதுவது அந்த ஆறு மணி வாளியைப் பற்றி. சர்க்கரை கொஞ்சம் உண்டு என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் எனக்குப் பதற்றமாகிவிட்டது.

பத்து வருடத்துக்கு முன் என் மாமியாரை பத்ரிநாத்துக்கு அழைத்துப் போனேன். திவ்ய தேசம், பார்த்தே ஆகவேண்டும் என்றார். கோயிலுக்குக் கீழே அலக்நந்தா பனிக்கட்டி போல ஓடுகிறது. கரையிலேயே தப்த குண்டம், ஆவி பறக்கிறது. தண்ணீர் 45 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். அதில் குளித்துவிட்டுத்தான் தரிசனம். இறங்கிய பெண்கள் எல்லோரும் "சூடு, சூடு" என்று காலை எடுத்துக்கொண்டார்கள். மாமியார் மட்டும் படியில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே விட்டுக்கொண்டு, "எனக்கு ஒன்றும் சுடவில்லையே" என்றார். பெருமாள் அருள் என்று நினைத்துக்கொண்டார். நானும் சும்மா இருந்துவிட்டேன். இரவு தங்குமிடத்தில் காலுறையைக் கழற்றினால், இரண்டு பாதத்திலும் ரூபாய் அகலத்துக்குக் கொப்புளங்கள். 18 வருடச் சர்க்கரையில் பாதத்து நரம்புகள் எப்போதோ மரத்துவிட்டிருந்தன. ஆறுவதற்கு இரண்டு மாதம் பிடித்தது. ஆயிரம் பேருக்குப் பாதம் பார்த்த எனக்கு என் வீட்டு மனுஷியின் பாதத்தைப் பார்க்கத் தோன்றவில்லையே என்று இன்றைக்கும் உறுத்துகிறது.

இன்றே ஒன்று செய்யுங்கள். அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து ஒவ்வொரு விரல் நுனியிலும் லேசாகத் தொடுங்கள். தொட்டது தெரிகிறதா என்று கேளுங்கள். ஓர் இடத்தில் தெரியவில்லை என்றாலும் டாக்டரிடம் காட்டுங்கள். வாளித் தண்ணீரின் சூட்டை நீங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள், அவர் பாதத்தை நம்பாதீர்கள். பதினைந்து நிமிடம் போதும், அரைமணி நேரம் வேண்டாம். ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சூட்டில் இருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ஸ்டூலிலேயே இரண்டு நிமிடம் இருந்துவிட்டு, யாரையாவது பிடித்துக்கொண்டு எழட்டும்.

சூட்டுக்கு வலி குறையும், அது உண்மை. தசை தளரும், மூட்டு கொஞ்சம் இளகும். தேய்ந்த எலும்பு மூட்டைத் தண்ணீரால் திரும்ப வளர்க்க முடியாது, அது எந்த ஊர்த் தாதுத் தண்ணீராக இருந்தாலும் சரி. கால் இளகியிருக்கிற அந்த நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்கச் சொல்லுங்கள். காலுக்குப் பத்துத் தடவை. தொடைத் தசை பலப்பட்டால்தான் முழங்காலின் பாரம் குறையும்.

என்றாவது நிஜமான வெந்நீர்க் குளத்துக்குப் போனால் தலையை முக்காதீர்கள். வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்கிற ஓர் அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய்விடும். குடித்தால் வராது, மூக்கில் ஏறினால்தான். மிக அரிதான நோய், ஆனால் வந்துவிட்டால் பிழைப்பது கடினம். கேரளத்தில் 2024இல் அமீபா மூளைக்காய்ச்சல் பலருக்கு வந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.


நிலாவெளியாள்:

வெந்நீர் ஊற்று என்ற சொல்லைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். நான் திருகோணமலைப் பிள்ளை. 1990இல் படகில் வந்து, மண்டபத்தில் இறங்கி, இப்போது மதுரைக்குப் பக்கத்தில் ஒரு மறுவாழ்வு முகாமில் இருக்கிறேன். எங்கள் ஊருக்குக் கிட்டத்தான் கன்னியா வெந்நீர் ஊற்று.

அங்கே ஏழு கிணறுகள். கிணறு என்றால் இங்கே மாதிரி ஆழமில்லை. சதுரமாகக் கட்டிய சின்னச் சின்னத் தொட்டிகள், குனிந்து வாளியால் அள்ளலாம். ஏழும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சூடு. ஒன்றில் அள்ளினால் மேலுக்கு இதமாக இருக்கும். அடுத்ததில் அள்ளியதைக் கொஞ்சம் ஆறவிட்டுத்தான் ஊற்ற முடியும். சின்ன வயதில் நாங்கள் ஒவ்வொரு கிணற்றிலும் கையை விட்டு, எது அதிகம் சுடுகிறது என்று சண்டை பிடிப்போம். முதல் நாள் ஒரு கிணற்றைச் சொன்னவள் அடுத்த தடவை இன்னொன்றைச் சொல்லுவாள்.

இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் கழிக்கத் தண்ணீர் வேண்டி ஏழு இடத்தில் நிலத்தைக் குத்த, அங்கெல்லாம் வெந்நீர் வந்தது என்று கதை. அதனால் எங்கள் சனம் அந்தியேட்டி, அதாவது இறந்தவருக்கான முப்பத்தோராம் நாள் கிரியை செய்யக் கன்னியாவுக்குத்தான் போகும். என் அம்மம்மாவுக்கும் அங்கேதான் செய்தோம். கிரியை முடிந்ததும் அம்மா ஒரு வாளியை அள்ளி என் தலையில் ஊற்றினா. விடியப்புறம், உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சூடு உச்சியிலிருந்து முதுகு வழியாக இறங்கியது இன்றும் என் தோலில் இருக்கிறது. அம்மா அன்றுதான் முதல்முறை சத்தமாக அழுதா.

உங்கள் அப்பா அங்கே உட்கார்ந்து ஊற முடியாது, அள்ளி ஊற்றலாம். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் இருக்கிறது. அங்கிருந்து திருகோணமலைக்கு 260 கிலோமீட்டர் அளவில் தரைவழி. முழங்கால் வலியோடு ஒரே நாளில் செய்கிற பயணம் இல்லை. போனால் மகளைக் கோணேசர் கோயிலுக்கும் கூட்டிப் போங்கள். போகிற வழியில் கோட்டைக்குள்ளே புள்ளிமான்கள் ஆட்களுக்கு நடுவில் நிற்கும், விரட்டினாலும் போகாது. நான் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அங்கே கையை விட்டால் எந்தக் கிணறு அதிகம் சுடுகிறது என்று எனக்காகப் பார்த்துச் சொல்லுங்கள்.


அரிட்டாபட்டி இளையவன்:

அக்கா, சுனை என்றால் எங்கள் ஊரை விட்டுவிட்டீர்களே என்று மனம் கேட்கவில்லை. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள், 72 ஏரி கண்மாய்கள், 200 சுனைகள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது எங்கள் ஊரையும் மீனாட்சிபுரத்தையும்தான். 250 வகைப் பறவைகள் கணக்கில் உள்ளன. லகர் வல்லூறு இங்கே இருக்கிறது. தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு எல்லாம் உண்டு.

இதே இடத்தில் டங்ஸ்டன் எடுக்க 2024 நவம்பரில் ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தது. அன்றிலிருந்து ஊரே தூங்கவில்லை. என் அப்பத்தா, கம்பு ஊன்றி நடக்கிறவர், போராட்டப் பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்தார். "மலையை வெட்டினால் சுனை எங்கே போய்ச் சுரக்கும்?" என்ற ஒரே கேள்வியைத்தான் வந்த எல்லோரிடமும் கேட்டார். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அன்று சுனைத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து தெருவில் எல்லோருக்கும் கொடுத்தோம்.

உங்கள் அப்பாவால் பாறை ஏற முடியாது. ஆனால் குடைவரைச் சிவன் கோயில் வரைக்கும் வரலாம். அங்கே நிழலில் உட்கார்ந்து, மகளுக்கு மேலே வட்டமடிக்கிற வல்லூறைக் காட்டலாம். காலை ஏழு மணிக்குள் வந்துவிட வேண்டும். வருகிறதாக இருந்தால் சொல்லுங்கள், தொலைநோக்கி என்னிடம் இருக்கிறது.


நொச்சியிலை:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

செவிலி அம்மா, அன்றிரவே பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். இடது கால் முழுதும் தெரிந்தது. வலது காலில் சுண்டு விரலையும் அடுத்த விரலையும் தொட்டபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான் தொடவே இல்லை என்று நினைத்துக்கொண்டு, "ம், தொடு" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. மறுநாள் டாக்டரிடம் போனோம். சர்க்கரை நாங்கள் நினைத்ததைவிட அதிகமாக இருந்தது. மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். இப்போது முழங்கையால் பார்த்துத்தான் தண்ணீர் விளாவுகிறேன். முதல் நாள், "இது என்ன, பிள்ளைக்கு ஊற்றுகிற தண்ணீரா?" என்று கோபித்துக்கொண்டார். நான் பத்ரிநாத் கதையைச் சொன்னேன். அதன்பின் பேசவில்லை.

ஐயா, மார்கழி இரண்டாவது ஞாயிறு வரலாம் என்றிருக்கிறோம். படி ஏறும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டா?


கிடாரிப்பட்டிக்காரன்:

உண்டு. இருந்தாலும் கைத்தடி எடுத்து வாருங்கள், குரங்குக்கும் அது ஒரு மரியாதை. நான் பதினெட்டாம்படிக் கருப்பு சந்நிதிக்கு முன்னால் நிற்கிறேன். பச்சைத் துண்டு போட்டிருப்பேன்.


நொச்சியிலை:

போய்விட்டு வந்தோம். ஒரு வாரம் கழித்துத்தான் எழுத நேரம் கிடைத்தது.

பச்சைத் துண்டை மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். ஐயா அப்பாவைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை, "எந்தக் கால் முதலில் வைப்பீர்கள்?" என்று கேட்டார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில் என்று அவரே சொல்லிக் கொடுத்தார். அப்பா ஆறு இடத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு இடத்திலும் ஐயா பக்கத்தில் உட்கார்ந்து ஆலையில் எந்தப் பிரிவு, எத்தனை ஷிப்ட் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

தொட்டியடியில் இரண்டு வாளி ஊற்றினார்கள். முதல் வாளிக்கு அப்பா தோளைக் குறுக்கிக்கொண்டார், குளிரும் என்று எதிர்பார்த்தார் போல. தண்ணீர் மேலே பட்டதும் தோள் இறங்கியது. சுடவில்லை, குளிரவும் இல்லை. நனைந்த வேட்டியோடு முழங்காலைத் தானே தடவிக்கொண்டு நின்றார். பிறகு உள்ளங்கையில் கொஞ்சம் வாங்கிக் குடித்துவிட்டு, "ஆலையில் திங்கட்கிழமை காலையில் பழைய குழாயைத் திறந்தால் முதல் தண்ணீர் இப்படித்தான் இருக்கும்" என்றார். இரும்புச் சுவை.

மகளுக்கு மூன்று குரங்குகள் போதுமானதாக இருந்தன. ஒரு குழாய் இணைப்பில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. வயதான குரங்கு ஒன்று அதன் கீழே உட்கார்ந்து, ஒரு சொட்டு திரண்டு விழும்வரை பொறுமையாகக் காத்திருந்து, விழும்போது நாக்கை நீட்டி வாங்கியது. அடுத்த சொட்டுக்கு மறுபடி காத்திருந்தது. மகள் கால்மணி நேரம் அசையாமல் பார்த்தாள். எங்கள் கையில் எந்தப் பையும் இல்லை, அது எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வழக்கம்போல ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். சொம்பில் கொண்டுவந்த சிலம்பாற்றுத் தண்ணீரை வாளியில் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். இப்போது காலை நீட்டி இறக்குவதைப் பத்துத் தடவை என் மகள்தான் எண்ணுகிறாள். ஐந்து எண்ணுவதற்குள் இறக்கிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வைக்கிறாள்.

நிலாவெளி அம்மா, உங்கள் ஏழு கிணறுகளைப் பற்றி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கன்னியா எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டார். தம்பி, அரிட்டாபட்டிக்குத் தை பிறந்ததும் வருகிறோம், தொலைநோக்கியை வைத்திருங்கள்.

ஐயா, ஒரே ஒரு கேள்வி. அந்தக் குட்டி ஏழு தடவை குதித்த பள்ளம் அப்பா உட்கார்ந்து பார்க்கிற தூரத்தில் இருக்கிறதா? பங்குனி கடைசியில் எந்த நாள் வந்தால் நீங்கள் மலையில் இருப்பீர்கள்?